நாற்பது கறுப்புத் துண்டும் ஒரே கைக் காஜாவும்

புதிதாகத் தையல் டீச்சர் வேலைக்கு வந்திருக்கும் தங்கைகளே, உங்கள் கையில் ஆர்டரைக் கொடுத்தபோது என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஓரம் மடித்து ஹெம்மிங் தைக்கச் சொல்லிக்கொடு, பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கப் பழக்கு, பாவாடைக்கு அளவெடுக்கக் காட்டு, அவ்வளவுதான் வேலை என்று சொல்லியிருப்பார்கள். நானும் அதை நம்பித்தான் வந்தேன். எட்டாம் வகுப்புப் படிப்பு, தையல் பரீட்சையில் ஒரு சர்ட்டிபிகேட், மற்ற பாரமெல்லாம் குன்றக்குடி முருகன் மேல். இந்த மூன்றை வைத்துக்கொண்டு காரைக்குடிப் பக்கம் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் ஓட்டினேன்.

சேர்ந்த முதல் வாரமே விஷயம் புரிந்துவிட்டது. கணக்கு டீச்சருக்குக் கணக்கு, சரித்திர டீச்சருக்குச் சரித்திரம், மிச்சமுள்ள பூலோகம் முழுவதும் தையல் டீச்சருக்கு. ஆண்டு விழா மேடைக்குத் திரை கட்டுவது, நாடகத்துக்கு ராஜா வேஷம் தைப்பது, மயங்கி விழுந்த பிள்ளைக்கு முகத்தில் தண்ணீர் தெளிப்பது எல்லாம் நான். காலையில் கேட் வாசலில் நின்று யூனிபாரம் சரிபார்ப்பதும் நான்தான். துணி என்று வந்துவிட்டால் அது தையல் டீச்சர் சமாச்சாரம் என்பது எங்கள் கரஸ்பாண்டென்ட் கண்டுபிடித்த உண்மை. அவர்தான் பள்ளிக்கூடத்தை நடத்திய டிரஸ்டின் பெரிய மனிதர். கொடுத்து வைத்தவர், எதையும் யோசிக்காமல் முடிவெடுக்கும் வரம் அவருக்கு இருந்தது.

யூனிபாரம் அவர் போட்ட சட்டம். வெள்ளை ரவிக்கை, நீலப் பாவாடை தாவணி, இரட்டைச் சடை, சடையை மடித்துக் கட்டக் கறுப்பு ரிப்பன். கறுப்பு ரிப்பன்தான் கௌரவம் என்று அவரே பிரேயரில் சொன்னார். அவருடைய மைத்துனர் ஜவுளிக் கடையில் அந்த வருடம் கறுப்பு ரிப்பன் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்தது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். விபூதி பூசிய நெற்றியோடு சொல்கிறேன், நான் அதை நம்பவில்லை. ரிப்பன் வாங்கப் போனபோது மூட்டையைக் கண்ணால் பார்த்தேன், அவ்வளவுதான்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். இந்தி வேண்டாம் என்று மாணவர்கள் கிளம்பிய அறுபத்தைந்தாம் வருடத் தை மாதம். எங்கள் வீட்டில் பேப்பர் வாங்குவதில்லை. காலையில் கோயில், பிறகு பள்ளிக்கூடம், சாயங்காலம் அடுப்படி. உலகத்தில் என்ன நடக்கிறது என்பது மளிகை சுற்றி வந்த காகிதத்தில் கிழியாமல் இருந்தால்தான் எனக்குத் தெரியும்.

பொங்கல் லீவு முடிந்த வாரம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் வந்தார்கள். அப்போது அதுதான் கடைசி வகுப்பு. அதன் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. அந்த வகுப்புக்குத் தையல் பீரியடு என்றால் தூங்கும் பீரியடு. அன்றைக்கு என்னவோ நாற்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

கொத்தமங்கலத்திலிருந்து தினமும் நடந்து வரும் சோலைமணி எழுந்து நின்றாள். விவசாயக் குடும்பம். அந்த வீட்டில் பதினோராம் வகுப்பைப் பார்த்த முதல் ஆள் அவள். இடக்கைக்காரி. என் முப்பது வருடத்தில் அவளைப் போல் காஜா எடுத்த பிள்ளை கிடையாது.

"டீச்சர், எங்களுக்கு ஹெம்மிங் மறந்துபோச்சு டீச்சர். இன்னொரு தடவை பழகிக்கிறோம்."

"எதுல பழகப் போறீக? துணி?"

"நான் கொண்டாந்திருக்கேன் டீச்சர். பழைய குடைத்துணி. கறுப்புல வெள்ளை நூல் போட்டாத்தான் தப்புத் தெரியும்னு நீங்கதானே சொல்வீக."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பழைய குடைத்துணியை வீணாக்காமல் கொண்டுவந்த சிக்கனம் என்ன, ஆறு மாதத்துக்கு முன் நான் சொன்னதை நினைவில் வைத்திருந்த பக்தி என்ன! எல்லாத் துண்டும் ஒரே அளவு. மூன்று விரல் அகலம், நான்கு விரல் நீளம். ஆளுக்கு இரண்டு. ஒன்று ரிக்கார்டு நோட்டில் ஒட்ட, இன்னொன்று கை பழக.

"டீச்சர், மேல்பக்கம் ஊக்குக் குத்துனா துணி பிரியாம இருக்க என்ன செய்யலாம்?" என்று இன்னொருத்தி கேட்டாள்.

ஹெம்மிங் பழகுகிற துண்டில் ஊக்கை எதற்குக் குத்துவார்கள் என்று ஒரு கேள்வி எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. "ஒரு சின்னக் காஜா எடுத்துட்டாப் பிரியாது" என்று உட்கார்ந்து செய்தே காட்டினேன். ரிக்கார்டு நோட்டில் ஒட்டிய துண்டுகளுக்குச் சிவப்பு மையால் மார்க்கும் போட்டேன். பத்துக்கு ஒன்பது, 'நன்று'. பலருக்குக் காஜா கோணலாக இருந்ததால் பத்துக்கு ஐந்து. கோணல் காஜாவைத் தோளில் குத்திக்கொள்ள அந்தப் பிள்ளைகளுக்கே கூச்சமாக இருந்திருக்கிறது. அதனால் மற்ற நாற்பது துண்டுக்கும் சோலைமணியையே காஜா எடுத்துத் தரச் சொல்லியிருக்கிறார்கள். என் மாணவிகள் போராட்டத்திலும் ஃபினிஷிங் பார்ப்பவர்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வகுப்புப் பிள்ளைகள் உங்கள் பீரியடில் சத்தமில்லாமல் உட்கார்ந்து, தாமாக வேலை கேட்டால், உங்கள் பாடம் திடீரென்று சுவையாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். என்னவென்று கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை நான் கேட்டில் நின்று, நகம், சடை, ரிப்பன் எல்லாம் பார்த்து உள்ளே விட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. பிரேயர் மணி அடித்ததும் பதினோராம் வகுப்பு வரிசை ஒரே நேரத்தில் தாவணித் தலைப்பை விலக்கியது. நாற்பது இடது தோளிலும் நாற்பது கறுப்புத் துண்டு.

அன்றைக்கென்று கரஸ்பாண்டென்ட் மேடையில் உட்கார்ந்திருந்தார். எழுந்தார்.

"என்ன இது கோலம்? எந்தக் கட்சி மீட்டிங்குக்கு வந்து நிக்கிறீங்க?"

தலையெல்லாம் குனிந்திருந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் வந்தது.

"கட்சி இல்லங்கய்யா. நாளைக்கு நாங்க வேலைக்கு மனு எழுதுனாக்கூடத் தெரியாத பாசையில எழுதணும்கிறாக. அது வேணாம்னு சொல்றோம்."

"யூனிபாரத்துல இல்லாத எதையும் போட்டுக்கிட்டு வரக் கூடாதுன்னு தெரியுமா தெரியாதா?"

"கறுப்பு யூனிபாரத்துல இருக்குங்கய்யா. தலையில ரெண்டு முழம் கட்டச் சொல்லியிருக்கீக. அதுல மூணு விரல் கீழ இறங்கிருச்சு. அம்புட்டுத்தான்."

ஆறாம் வகுப்பு வரிசையில் ஒரு பொடிசு களுக்கென்று சிரித்தது. சிரிப்பு ஒட்டிக்கொண்டு பத்தாம் வகுப்பு வரை போனது. 'யார் பேசியது?' என்று கேட்டார்கள், ஒவ்வொருத்தியும் பக்கத்திலிருப்பவளைப் பார்த்தாள். கழற்றச் சொன்னார்கள், கழற்றினார்கள். தலைமை ஆசிரியை ஓர் ஓலைக் கொட்டானை நீட்டிக்கொண்டே வரிசையில் நடக்க, ஒவ்வொருத்தியும் கோயில் உண்டியலில் போடுவதுபோல் மரியாதையாகப் போட்டாள்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த ஹெம்மிங் எனக்குத் தெரியாதா?

பத்து மணிக்கு ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்கள். கரஸ்பாண்டென்ட், தலைமை ஆசிரியை, மேஜை மேல் கொட்டான். நாற்பது பேரையும் தனித்தனியாகக் கேட்டாகிவிட்டது. 'நீயா செஞ்சே?' 'ஆமா நான்தான்.' 'யார் சொல்லி?' 'நானேதான்.' நாற்பது பேரும் தலைவிகள். நாற்பது பேரையும் டி.சி. கொடுத்து அனுப்பினால் மார்ச் மாதம் பரீட்சை எழுத ஆள் இருக்காது. ஆள் இல்லாவிட்டால் இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் கேள்வி கேட்பார். ஆகவே நீதி ஒருத்தியோடு நின்றால் போதும் என்று கரஸ்பாண்டென்ட் பெருந்தன்மையாக முடிவு செய்திருந்தார். அந்த ஒருத்தி யார் என்பதுதான் பாக்கி.

தலைமை ஆசிரியை என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். அந்த அம்மாள் புன்னகை செய்தால் எனக்கு வேலை வரப்போகிறது என்று அர்த்தம்.

"ஆண்டு விழாவுல இருபது கைக்குட்டையைக் கலந்து போட்டு, தையலைப் பாத்தே யார் யார் தச்சதுன்னு சொன்னீங்களே டீச்சர். அய்யாகூடக் கை தட்டுனாங்களே."

ஆமாம், சொன்னேன். மேடையில் நின்று, மைக்கைப் பிடித்துக்கொண்டு, 'தையலும் கையெழுத்து மாதிரிதான், எங்கிட்ட ஒளிக்க முடியாது' என்று பெருமையும் அடித்தேன். தொழில் தெரிந்தவர்களுக்கு வருகிற வியாதி இது. கை தட்டல் கேட்டால் வாய் நிற்காது. நம் திறமையை எப்போது, எதற்குக் கேட்பார்கள் என்று தெரியாமல் ஊருக்குக் கடைவிரிக்கக் கூடாது, தங்கைகளே. அன்றைக்கு நான் வாயைக் கட்டியிருந்தால் இன்றைக்கு இதை எழுத வேண்டியிருக்காது.

"இதுல மொத்தத்துக்கும் ஒரே ஆள் கை இருக்கான்னு பாருங்க. சாயங்காலம் நாலு மணிக்குள்ள பேர் வேணும்" என்றார் கரஸ்பாண்டென்ட். எழுந்து போகும்போது நின்று, "உங்க பெர்மனென்ட் பைலும் என் மேஜையிலதான் இருக்கு. நல்லபடியா முடிச்சிருவோம்" என்றார். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

எனக்கு அந்தக் கொட்டானைப் பார்க்கவே தேவையில்லை. ஒரு துண்டைப் புரட்டினேன். இடக்கைக்காரி எடுத்த காஜாவில் முடிச்சுகள் எல்லாம் எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும். இன்னொன்றைப் புரட்டினேன். நாற்பதிலும் அதே கை, நூல் பிடித்தாற்போல.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் நெற்குப்பை ஊரில் ரைஸ் மில் பெல்ட்டில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்த வருடம் அது. இரண்டு பிள்ளைகள். நான் நாலு வருடமாக டெம்பரரி. இத்தனையும் ஒரு தட்டில். இன்னொரு தட்டில் சோலைமணி. மத்தியானம் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருப்பேன்; எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது. அதற்குள் அவளுடைய அப்பா வந்துவிட்டார்.

கேட்டில் ஒரே சத்தம். எட்டிப் பார்த்தால், ஒரு மனிதர் வெறும் குடைக்கம்பியை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு நூல் துணி இல்லை. வெயில் முழுவதும் அவர் மேல்தான் விழுகிறது.

"டீச்சரம்மா, எம் மக சோலைமணிய வரச் சொல்லுங்க. குடைத்துணிய உருவிட்டு வந்துட்டா. எடுக்கும்போது பாக்கல. சந்தையில போயி விரிக்கிறேன், ஊரே சிரிக்குது. எதுக்குடி எடுத்தேன்னு கேக்கணும்."

ஆபீஸ் ஜன்னல் பத்தடி தூரத்தில். உள்ளே கரஸ்பாண்டென்ட் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். கொட்டானில் நாற்பது துண்டு குடைத்துணி. வெளியே அந்தக் குடையின் எலும்புக்கூடு.

"அண்ணே, மெதுவாப் பேசுங்க. அங்குட்டு வாங்க, மரத்தடிக்கு."

"மெதுவாப் பேசுனா அவளுக்குக் கேக்குமா? நான் என்ன திருட்டுப் பயலா, மரத்துக்குப் பின்னால நின்னு பேச?"

"அந்தக் குடைய முதல்ல மடக்குங்க."

"இதுல மடக்க என்ன இருக்கு?"

எப்படியோ தள்ளிக்கொண்டு போனேன். பிள்ளை தையல் வகுப்புக்குத்தான் எடுத்தாள், நான்தான் கறுப்புத் துணி நல்லது என்று சொன்னேன் என்று உள்ளதைச் சொன்னேன். மனிதர் கொஞ்சம் தணிந்தார்.

"படிப்புக்கா? முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல. எங்க அக்கா மகனுக்கு இவளக் கேட்டு தை பொறந்ததுமே வந்துட்டாக. பரீட்சை எழுதட்டும், அதுக்கப்புறம் பேசுவோம்னு நிறுத்தி வச்சிருக்கேன். இவ பரீட்சை எழுதலேன்னு வைங்க, எங்க அக்கா அடுத்த முகூர்த்தத்துக்கே பந்தக்கால் ஊண்டிரும். எனக்கே பேச வாய் இருக்காது."

சொல்லிவிட்டு அந்தக் கம்பியை மறுபடியும் விரிக்கப் போனார். நான் என் குடையை எடுத்து நீட்டினேன்.

"பூப்போட்ட குடைய நான் பிடிக்கிறதா?"

"கம்பிய விட இது தேவலை. போங்கண்ணே, கும்புடுறேன்."

பூக்குடையோடு அவர் கொத்தமங்கலம் ரோட்டில் போய் மறையும் வரை நின்றேன். அப்புறம் எனக்குத் தராசு எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் பொய் சொல்ல வாய் வராது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை விரதம் வேறு. 'எல்லாம் வேற வேற கை, ஒன்னும் தெரியல' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். முடிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளையார் முன்னால் போய் நின்று, பொய்யாகவும் இருக்கக் கூடாது, பிள்ளையையும் காட்டிக்கொடுக்கக் கூடாது, எனக்கும் பெர்மனென்ட் ஆக வேண்டும் என்று மூன்று வரம் சேர்த்துக் கேட்டேன். பிள்ளையார் கொழுக்கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்தி என்ற பெயரில் நாம் சாமியிடம் சந்து கேட்கிறோமே ஒழிய, வழி கேட்பதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

நாலு மணிக்குப் போகும்போது பதினோராம் வகுப்பு ரிக்கார்டு நோட்டுகள் நாற்பதையும் தூக்கிக்கொண்டு போனேன்.

"என்ன டீச்சர், பேர் கெடச்சுதா?"

"அய்யா, இத்தனையும் என் வகுப்புல செஞ்சது. அளவு பாத்தது நான். ஊக்குக் குத்துறதுக்குக் காஜா எடுக்கச் சொல்லிக்குடுத்தது நான். மார்க்குப் போட்டதும் நான்" என்று முதல் நோட்டைப் பிரித்தேன். கொட்டானில் இருந்ததைப் போலவே ஒரு துண்டு, ஒட்டிய பசையோடு. பக்கத்தில் சிவப்பு மையில் 'நன்று'. அதற்குக் கீழே பச்சை மையில் 'மேற்பார்வையிட்டேன்' என்று தலைமை ஆசிரியையின் கையெழுத்து. வாரா வாரம் நோட்டுகளைப் பிரிக்காமலேயே வரிசையாகக் கையெழுத்துப் போடும் பழக்கம் அந்த அம்மாளுக்கு. நாற்பது நோட்டிலும் போட்டிருந்தார்.

அந்த அம்மாள் முகத்தில் காலைப் புன்னகை இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, கையெழுத்து மாறியிருக்கிறதா என்று பார்த்தார். மாறவில்லை.

"அப்ப யாருக்குத்தான் டி.சி. குடுக்குறது?" என்றார் கரஸ்பாண்டென்ட்.

"எனக்குக் குடுங்கய்யா. சொல்லிக்குடுத்தவ நான்தானே."

"நீங்க தெரியாமச் செஞ்சீங்க."

"தெரியாமத்தான் செஞ்சேன். தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு தெரியல."

அவர் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு துண்டை எடுத்துப் புரட்டிப் பார்த்து, என் முன்னால் வைத்து, நேராகக் கேட்டார்.

"இந்தக் காஜா எல்லாம் ஒரே கை மாதிரி இருக்கே. யாரு கைன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்யா."

என் குரலா என்று எனக்கே சந்தேகம். நோட்டுக்கட்டு கையிலிருந்து சரிந்து தரையெல்லாம் பரவியது. வீரமாக நின்றேன் என்று உங்களுக்குச் சொல்ல ஆசைதான். குனிந்து நோட்டுப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"தெரியும், ஆனா சொல்ல மாட்டீங்க."

"ஆமாய்யா. அந்தப் பிள்ளை யாரையும் அடிக்கல, எதையும் ஒடைக்கல. வேணாம்னு சொல்லுச்சு. கழட்டச் சொன்னதும் கழட்டிருச்சு. அதுக்குப் பரீட்சைய நிறுத்துறதுக்கு என் கண்ண வாடகைக்குக் கேக்காதீக."

பிறகு தலைமை ஆசிரியைக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. "சின்னப் பிள்ளைங்க. பரீட்சை நேரம் வேற. இதைப் பெரிசாக்கினா இன்ஸ்பெக்ட்ரஸ் ரிக்கார்டு நோட்டை எல்லாம் கேப்பாங்க" என்றார். கருணையில் எத்தனையோ வகை உண்டு. பச்சை மையில் ஊறிய கருணை இது. கரஸ்பாண்டென்ட் கொட்டானைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

டி.சி. யாருக்கும் இல்லை. அடுத்த வாரம் ஊரெல்லாம் பற்றிக்கொண்டு, பள்ளிக்கூடங்களையே மூடிவிட்டார்கள். திறந்தபோது சோலைமணியின் காஜாவைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் நேரமில்லை. பரீட்சை எழுதினாள், பாஸ் பண்ணினாள், டீச்சர் ட்ரெயினிங் போனாள். பூக்குடை மட்டும் திரும்பி வரவில்லை.

எனக்கு மெமோ வந்தது. 'மேலதிகாரியின் நியாயமான கேள்விக்குப் பதில் தர மறுத்தமை.' பெர்மனென்ட் பைல் அந்த மேஜையை விட்டு நகர இன்னும் மூன்று வருடம் ஆனது. மெமோவை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன்.

"பேரைச் சொல்லியிருந்தா?" என்றார்.

"பெர்மனென்ட் ஆயிருக்கும்."

"அப்புறம் நீ தூங்க மாட்டே. புரண்டுக்கிட்டே இருந்து என்னையும் தூங்க விடமாட்டே. மெமோவே தேவலை. பத்திரமா வை."

கரஸ்பாண்டென்ட் சும்மா இருக்கவில்லை. கோளாறு கறுப்பு ரிப்பனில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்து, அரசியல் கலக்காத நிறம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கமிட்டி போட்டார். துணி சமாச்சாரம் ஆயிற்றே, மெமோ வாங்கியவளும் அதில் மெம்பர். சிவப்பு என்றேன், மில் வாசலில் கொடி பிடிப்பவர்கள் நிறம் என்றார். நீலம், பச்சை என்றேன். அவற்றுக்கும் கட்சி இருந்தது. வெள்ளை என்றார் தலைமை ஆசிரியை. பெண் பிள்ளைக்கு வெள்ளை ரிப்பன் கட்டி அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்? காவி என்றால் பள்ளிக்கூடமே பழனிக்குப் பாதயாத்திரை கிளம்பியதுபோல் இருக்கும். மங்கலமாக மஞ்சள் இருக்கட்டுமே என்றேன். கரஸ்பாண்டென்ட் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"மஞ்சளா? வியாபாரம் பண்ற ஊருல மஞ்சளா? மஞ்சக் கடுதாசி குடுத்தவன் பள்ளிக்கூடம்னு பேசவா?"

திவால் ஆனவர்கள் கொடுக்கும் கடுதாசியின் நிறம் அவருக்குக் கட்சிக் கொடியைவிட பயம். கடைசியில் ரிப்பனே வேண்டாம், சடை நுனியை நூல் வைத்துக் கட்டினால் போதும் என்று தீர்மானம் போட்டுக் கையெழுத்தானது. என்ன நிறத்து நூல் என்று யாரும் கேட்கவில்லை. முடிக்குக் கட்டுகிற நூல் கறுப்புதான். நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரு மெமோ போதும்.

இரண்டு வருடத்தில் ஆட்சி மாறியது. கரஸ்பாண்டென்டின் வேட்டிக்கு ஒரே ராத்திரியில் கரை முளைத்தது. புது ஆட்சியில் ஒரு பெரிய மனிதர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருவதாக ஏற்பாடு. என்னைக் கூப்பிட்டு, நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னார்.

"டீச்சர், வரவேற்புக்கு நம்ம பிள்ளைக எல்லாம் தோள்ல ஒரு பேட்ஜ் குத்திக்கிட்டு நிக்கணும். கட்சிக் கலர்ல. முன்னாடி ஒரு தடவை செஞ்சாங்களே, அந்த அளவு. அந்தக் காஜாகூட நல்லா இருந்துச்சு."

அன்றைக்குக் குத்தியதற்கு டி.சி. என்றீர்களே, இன்றைக்குக் குத்தாவிட்டால் என்ன தண்டனை என்று கேட்டேன். "யூனிபாரம்னு சர்குலர் போட்டுருவோம்" என்றார். மனிதருக்கு வெட்கம் என்ற நரம்பை ஆண்டவன் வைக்காமலே அனுப்பியிருந்தான். அதில் அவருக்கு எவ்வளவு சௌகரியம்!

"தச்சுத் தரச் சொல்றேன்யா. குத்திக்கிறதா வேணாமாங்கிறத அதுகளத்தான் கேக்கணும்" என்றேன்.

"கேட்டா வேணாம்னு சொல்லிப்புட்டா?"

"சொல்லட்டும்யா. அன்னைக்கும் அந்தப் பாசை வேணுமான்னு அதுகள யாரும் கேக்கலையே."

வகுப்பில் கேட்டேன். பாதிக்கு மேல் ஆசையாகக் கை தூக்கினார்கள். அவர்கள் சந்தோஷம் அது. ஒருத்தி எங்கள் அப்பா வேறு கட்சி என்றாள். ஒருத்தி எனக்கு எந்தக் கட்சியும் வேண்டாம் என்றாள். ஒருத்தி கலர் பிடிக்கவில்லை என்றாள். 'குத்தாதவர்கள் பட்டியலை வாசலிலேயே எடுக்கவும்' என்று எனக்கு எழுத்தில் உத்தரவு வந்தது. நோட்டும் பென்சிலும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள்.

பெரிய மனிதர் வருகிற அன்று காலை கேட்டில் நின்றேன். குத்திய பிள்ளைகள் குதித்துக்கொண்டு உள்ளே போனார்கள். குத்தாத பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக ஒளிந்துகொண்டு, என் கையிலிருந்த நோட்டையே பார்த்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார்கள். முதலில் வந்தவள் வெறும் தோளைப் புத்தகப் பையால் மறைத்துக்கொண்டாள். நான் நோட்டைப் பிரிக்காமலே கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"பைய இறக்கு. நகம் வெட்டியிருக்கா?"

கையை நீட்டினாள். வெட்டியிருந்தது.

"சடை சரியா இருக்கா? திரும்பு. சரி, உள்ள போ. அடுத்த ஆளு வா."